ஆமை உணவு: நெய்தல் வழக்கும் கடல் வளமும்

முன்னுரை

ஒரு கூட்டத்தார் விரும்பி உண்பதனை மற்றொரு கூட்டத்தார் அருவருத்து ஒதுக்குதல் உலகெங்கும் காணப்படும் இயல்பாகும். எது உணவு, எது உணவன்று என்னும் வரையறை நாவின் சுவையால் மட்டும் அமைவதில்லை. நிலம், தொழில், சமயம், வாணிகம், சட்டம் ஆகிய பலவும் கூடி அதனை அமைக்கின்றன. தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணவினை வைத்தார். ஒரு நிலத்து மக்களை அறிய விழைவார்க்கு அவர் தொழுவது யாது, உண்பது யாது என்னும் இரு வினாக்களும் முதலில் எழுதல் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையால் பெறப்படும்.

தமிழர் வாழ்வில் ஆமை இவ்விரண்டு இடங்களிலும் காணப்படுகின்றது. காஞ்சிபுரத்துக் கச்சபேசுவரர் கோயில், திருமால் ஆமை வடிவு கொண்டு சிவபெருமானை வழிபட்ட வரலாற்றை உடையது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்னும் பழமொழியோ அதனைத் தீய நிமித்தமாக்குகின்றது. பழைய காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர்க்கு அது உணவாய் இருந்தது. தொழத்தக்கது, அஞ்சத்தக்கது, உண்ணத்தக்கது என ஓருயிர் மூவகையாக மதிக்கப்பட்டமை ஆராய்தற்குரியது.

இற்றை நாளில் ஆமை இறைச்சி சட்டத்தால் விலக்கப்பட்ட பொருள். இவ்விலக்கினைப் பற்றிப் பேசுவோரிடை இரு கொள்கைகள் நிலவுகின்றன. சங்க நூல்கள் சான்று பகர்தலின் ஆமை உணவு தொன்றுதொட்ட உரிமை என்பது ஒன்று. கடற்கரை மக்கள் தின்று தீர்த்தமையாலேயே கடலில் ஆமை குறைந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சான்றுகளோடு முழுதும் பொருந்துவன அல்ல என்பதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

சங்க நூல்களில் பயிலும் வடிவம் 'யாமை' என்பது. 'யாடு' ஆடு என்றும், 'யாறு' ஆறு என்றும் திரிந்தவாறே இதுவும் பின்னர் 'ஆமை' என நின்றது. இதன் குஞ்சினைப் 'பார்ப்பு' என்றே புலவர் வழங்குவர். பறப்பவற்றின் இளமைக்குரிய பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்கள் தவழ்வனவற்றிற்கும் உரியன என்னும் மரபியல் விதிக்கு இஃது ஏற்ற எடுத்துக்காட்டு.

நீர்நிலைகளிலும் வயல்களிலும் வாழும் ஆமை வேறு, கடலாமை வேறு. கடலாமையுள்ளும் தமிழகக் கடற்கரை மக்கள் பல இனங்களைப் பிரித்தறிந்து பெயரிட்டுள்ளனர். கடற்புல் மேய்வது பேராமை. ஓட்டின் அழகால் விலைபெற்றது அழுங்காமை. முதுகில் நீண்ட வரம்புகள் உடையது ஏழுவரி ஆமை. பங்குனித் திங்களை ஒட்டிக் கரையேறி முட்டையிடுதலால் பெயர்பெற்றது பங்குனி ஆமை. பெருந்தலை ஆமையையும் சேர்த்து இந்தியக் கடல்களில் காணப்படும் இனங்கள் ஐந்து. இவ்வேறுபாட்டினை உள்ளத்திற் கொள்ளாது 'ஆமை' என்ற ஒரு சொல்லைக் கண்ட அளவில் முடிவு கூறுதல் பிழைக்கு இடமாகும்.

சங்கப் பாடல்களில் ஆமை உணவு

ஆமை உணவினைத் தெளிவாகக் கூறும் இடம் பட்டினப்பாலையில் உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் சுட்டுத் தின்றதையும், வயலாமையை வேகவைத்து உண்டதையும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அடுத்தடுத்து வைத்துக் கூறுகின்றார். இதனைத் தொடர்ந்து, அவர்கள் வறண்ட மணலில் படரும் அடும்பின் மலரையும் நீரில் மலரும் ஆம்பலையும் சூடியமை சொல்லப்படுகின்றது. கடலிலிருந்து ஒன்று, வயலிலிருந்து ஒன்று. மணலிலிருந்து ஒன்று, நன்னீரிலிருந்து ஒன்று என உணவும் பூவும் இணையிணையாக அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. காவிரி கடலொடு கலக்கும் இடத்தே நெய்தலும் மருதமும் மயங்கிய வாழ்வினைப் புலவர் இவ்வாறு புலப்படுத்தினார். அங்கு உண்ணப்பட்டது வயலாமையே என்பதும் இவ்வமைப்பினாலேயே உறுதிப்படும்.

புறநானூற்று 42ஆம் பாட்டில் இடைக்காடனார் கிள்ளிவளவனின் நாட்டு வளத்தைப் பாடுகின்றார். உழுபடை புரட்டிய ஆமையும், கரும்பிலிருந்து கொண்ட தேனும், நீர்த்துறையில் மகளிர் பறித்த குவளையும் வன்புலத்திலிருந்து வந்த உறவினர்க்கு விருந்தாக அளிக்கப்பட்டன என்கின்றார். தேனோடும் குவளையோடும் ஒருங்கு வைத்து எண்ணப்படுதலின், ஆமை இழிந்த உணவாகக் கருதப்படவில்லை என்பது தெளிவு. வறியவர் வேறு வழியின்றி உண்டதாகவும் அது சொல்லப்படவில்லை. விருந்தினர்க்கு இடும் சிறப்புணவாகவே சொல்லப்படுகின்றது. உழும்பொழுது கிடைத்ததை எடுத்துக்கொண்டனர் என்பதும் கருதத்தக்கது. வேட்டையோ விற்பனையோ இங்குக் குறிக்கப்படவில்லை.

ஆகவே, யாம் எடுத்துக்கொண்ட இவ்விரு சான்றுகளும் வயலாமையைப் பற்றியன. இவற்றைக் கொண்டு கடலாமை உணவிற்குச் சங்ககால வழக்குரிமை நாட்டுதல் பொருந்தாது. பரதவர் கடலாமையை உண்டிலர் என்று நாம் துணிந்து கூறவில்லை. இப்பாடல்கள் அதற்குச் சான்றாகா என்பதே நம் கருத்து.

கானல் மணலில் முட்டை

கடலாமையைப் புலவர் நோக்கிய நோக்கு எத்தகையது? அகநானூற்று 160ஆம் பாட்டு இதற்கு விடை தருகின்றது. சூல் முதிர்ந்த ஆமை அடும்பின் கொடி சிதையுமாறு ஏறி வந்து, கழியை அடுத்த வெண்மணல் மேட்டில் முட்டைகளை மறைவாக ஈன்று புதைக்கின்றது. அம்முட்டை யானைக்கோட்டால் செய்த வட்டினைப் போன்றது; புலால் நாற்றம் உடையது. குஞ்சு வெளிப்படும் வரையில் அதனை ஆணாமை காத்திருக்கின்றது.

இதனைக் கடலாமை பற்றிய இக்கால அறிவோடு ஒப்பிட்டுக் காணலாம். கடலாமை முட்டை வெண்மையும் உருண்டை வடிவும் உடையது. ஒரு குழியில் நூறளவு முட்டைகள் இருத்தல் பெரும்பான்மை. அலையெல்லைக்கு மேற்பட்ட உலர்மணலிலேயே ஆமை குழி தோண்டும். அடும்பு படர்வதும் அம்மணலிலேயே. கொடி சிதைய ஏறியது என்னும் செய்தி நேரிற் கண்டார் கூற்றாகவே தோன்றுகின்றது. வட்டினை உவமையாகக் கூறியது வடிவு, நிறம், அளவு ஆகிய மூன்றிற்கும் பொருந்தும்.

ஆயின், ஆணாமை காத்திருக்கும் என்பது மட்டும் இயற்கையொடு மாறுபடுகின்றது. பெண்ணாமை முட்டைகளை மணலால் மூடியபின் கடலுக்கு மீளும். திரும்பி வந்து காப்பதில்லை. ஆணாமையோ முட்டையிடும் கரைக்கு வருவதே இல்லை. ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் மணலின் வெப்பமே குஞ்சுகளைப் பொரிக்கச் செய்யும். நுண்ணிதின் நோக்கிய புலவர் இவ்விடத்துப் பிறழ்ந்தமைக்குக் காரணம் அகப்பொருள் மரபே எனக் கொள்ளலாம். தலைவன் தலைவியைக் காக்கும் பொறுப்பினை உணர்த்துதற்பொருட்டு ஆமைக்கும் ஒரு கணவனைப் படைத்துக்கொண்டார் போலும்.

குறுந்தொகை 152ஆம் பாட்டு, காதலர் கைவிட்ட காமத்தினை ஆமைப் பார்ப்பிற்கும் தாயற்ற முட்டைக்கும் ஒப்பிடுகின்றது. ஐங்குறுநூற்று 44ஆம் பாட்டில் பொய்கை ஆமையின் பார்ப்பு தாயின் முகத்தை நோக்கியே வளர்கின்றது. காத்தலும் கைவிடப்படுதலும் ஆகிய இரண்டினையும் புலவர் ஆமையைக் கொண்டே விளக்கினர். உண்ணப்பட்ட உயிரே இரக்கத்திற்கும் உவமையாயிற்று. உண்போர் அவ்வுயிரைப் பற்றி அறியாதவரும் அல்லர். அன்பு அற்றவரும் அல்லர்.

விதியும் விலக்கும்

வடமொழி அறநூல்களும் ஆமையை முற்றிலும் விலக்கவில்லை. ஐந்து நகமுடைய விலங்குகளுள் உண்ணத்தக்கன இவை என வரையறுக்கும் பழைய விதியொன்று உண்டு. முள்ளம்பன்றி வகை, உடும்பு, முயல் ஆகியவற்றோடு ஆமையும் அதனுள் அடங்கும். மனுநூலின் ஐந்தாம் இயல் காண்டாமிருகத்தையும் உடன் சேர்க்கின்றது. வான்மீகத்தில் அம்புபட்டு வீழ்ந்த வாலி இவ்விதியை எடுத்துக்காட்டித் தன் தசை உண்ணத்தகாதது என வாதிடுகின்றான். பதஞ்சலி முனிவர் மாபாடியத்தில் இதனையே சான்றாக்கி, இவை உண்ணத்தக்கன என்றமையால் பிற உண்ணத்தகாதன என்பது பெறப்படும் என விளக்கினார். ஆதலின் இவ்விதி ஊன் உணவை ஊக்குவதற்கு எழுந்ததன்று. எல்லை வகுப்பதற்கு எழுந்தது எனல் பொருந்தும்.

பின்னர்ச் சமண சமயம் வற்புறுத்திய கொல்லாமையும், சைவ வைணவத் துறைகளில் பரவிய புலால் மறுப்பும் உயர்ந்தோர் எனப்பட்டோரின் உணவினின்றும் எல்லா ஊனையும் நீக்கின. திருக்குறளில் புலால் மறுத்தலுக்கு ஓரதிகாரம் அமைந்தது. அந்நூலிலேயே ஆமை பொறியடக்கத்திற்கு உவமையாயிற்று. திருமாலின் பிறப்புகளுள் ஒன்றாகவும் அது தொழப்பட்டது. கடற்கரையில் மட்டும் பழைய உணவுவழக்கு எஞ்சிநின்றது. அவ்வாறு நின்ற வழக்கினை ஏனையோர் இழிவெனக் கருதத் தொடங்கினர். இவ்விழிவு உயிர்க்கு இரங்கியதால் மட்டும் தோன்றியதன்று. உண்போரின் குடிநிலை பற்றிய மதிப்பீடும் அதனுள் கலந்திருந்தது என்பதை மறைத்தல் ஆகாது.

நகரச் சந்தையும் தொலைநாட்டு மேசையும்

கடலாமை வாணிகம் தமிழகத்தில் ஓட்டினாலேயே தொடங்கியதாகச் சான்றுகள் காட்டுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்புளூசு என்னும் கிரேக்க நூல், தமிழகத்தை அடுத்த தீவுகளில் கிடைத்த ஆமையோடு மேலைக் கடற்கரைத் துறைகளின் வழியே ஏற்றுமதியானதைக் குறிக்கின்றது. பொன்னாடு எனப்பட்ட கீழ்த்திசைப் பகுதியின் ஓடும் இங்கு வந்து சென்றது. உரோம நாட்டு அணிகலப் பெட்டிகளுக்கும் கட்டில்களுக்கும் ஓடு வேண்டியிருந்தது. உண்பதற்கன்றி ஒப்பனைக்காகவே அழுங்காமை வேட்டையாடப்பட்டது.

இறைச்சி பற்றிய தெளிவான செய்தியொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைக்கின்றது. இலங்கையில் 1845 முதல் 1850 வரை குடியேற்றச் செயலராய் இருந்த சேம்சு எமர்சன் தென்னந்து, 1859இல் வெளியிட்ட தம் நூலில் யாழ்ப்பாணச் சந்தையைக் குறித்து எழுதினார். தமிழ் மீனவக் குடும்பத்தினர் ஆமையை உயிருடன் வைத்தே அதன் தசையைத் துண்டு துண்டாக அறுத்து விற்றனர் என்றும், அக்காட்சி அருவருக்கத்தக்கது என்றும் அவர் கூறினார்.

இச்செயல் கொடியது என்பதில் ஐயமில்லை. பனிக்கட்டி இல்லாத வெப்ப நாட்டில் இறைச்சி கெடாதிருக்க விற்போர் கண்ட வழி அது என்பது காரணமாகலாம், நியாயமாகாது. ஆயினும் அந்நூல் வெளிவந்த காலத்து இலண்டனில் நிகழ்ந்தது யாது என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பேராமைகள் கப்பல்களில் உயிரோடு கொண்டுவரப்பட்டன. ஆமைச் சாறு மாநகரத் தலைவரின் விருந்துகளில் பெருமைக்குரிய உணவாயிற்று. அதனை வாங்க இயலாதோர்க்காகக் கன்றின் தலையைக் கொண்டு போலி ஆமைச் சாறும் சமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சந்தையில் அருவருப்பு எனப்பட்டது இலண்டன் மேசையில் நாகரிகம் எனப்பட்டது. ஒருவர் உயிரோடு அறுத்தனர். மற்றவர் பல நாள் உயிரோடு கட்டிக் கொணர்ந்தனர். துன்பம் இரண்டிடத்தும் உண்டு. ஒன்று கண்முன் நிகழ்ந்தது. மற்றொன்று கப்பலின் அடித்தளத்தில் மறைந்திருந்தது.

கடலின் வளத்தை அழித்தது இவற்றுள் எது என்பதற்குக் கேமன் தீவுகளின் வரலாறு விடை தரும். 1503இல் கொலம்பசு அத்தீவுகளைக் கண்டபொழுது ஆமைகளின் மிகுதி பற்றி அவற்றிற்கு ஆமைத் தீவுகள் என்றே பெயரிட்டார். கப்பல்களுக்கும் குடியேற்றங்களுக்கும் இறைச்சி தந்த அத்தீவுகளைச் சுற்றிப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வேட்டைக்குப் போதிய ஆமைகள் இல்லை. தீவினர் கியூபாக் கரைக்கும், பின்னர் நடு அமெரிக்கக் கரைக்கும் சென்று வேட்டையாட நேர்ந்தது. பெர்முடாத் தீவின் பேரவை 1620இலேயே இளம் ஆமைகளைக் கொல்லுதலைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. குறைவினை முன்னரே உணர்ந்தோர் இருந்தனர். ஆயினும் சந்தையின் பசி சட்டத்தினும் வலிதாயிற்று.

மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் இதனை ஒத்த நிலை பிற்காலத்தில் தோன்றியது. பாம்பன், இராமேசுவரம், தூத்துக்குடி முதலிய இடங்களில் ஆமை பிடித்தல் தனித்தொழிலாயிற்று. பிடித்தவற்றை உயிரோடு அடைத்துவைத்து இலங்கைக்கு அனுப்பும் வாணிகமும் நிகழ்ந்தது. தூத்துக்குடிப் பகுதியில் இறைச்சியோடு குருதியும் மருந்தெனக் கொள்ளப்பட்டது. 1960களில் தென்கிழக்குக் கரையில் ஆண்டொன்றிற்கு 4000 முதல் 5000 வரை ஆமைகள் பிடிபட்டன என்றும், அவற்றுள் நான்கில் மூன்று பங்கு பேராமை என்றும் கடல்மீன் ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். பேராமை இனப்பெருக்கத்திற்குரிய பருவம் எய்த இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உழுபடையில் அகப்பட்ட ஓராமைக்கும் இவ்வெண்ணிற்கும் இடையே உள்ள தொலைவே வழக்கிற்கும் வாணிகத்திற்கும் இடையே உள்ள தொலைவு.

நஞ்சும் அறிவும்

கடலாமை உணவில் மற்றோர் இடரும் உண்டு. கொழும்பிற்குத் தெற்கே பாணந்துறையில் 1840 அக்டோபரில் ஆமை இறைச்சி உண்ட 28 பேர் நோயுற்றனர் என்றும், அவருள் 18 பேர் அன்றிரவே மாண்டனர் என்றும் தென்னந்து எழுதியுள்ளார். இறைச்சி வழக்கத்தினும் கொழுப்பு மிகுந்திருந்தது என்பதன்றி வேறு வேறுபாடு தெரியவில்லை எனப் பிழைத்தோர் கூறினராம். இத்தகைய நஞ்சேற்றங்கள் அழுங்காமையோடு பெரிதும் தொடர்புடையன. அது மேயும் கடல் உயிர்களிலிருந்து நஞ்சு உடலில் சேர்கின்றது எனக் கருதப்படுகின்றது. சமைத்தலால் அது நீங்குவதில்லை. உண்ட தாயின் பால் வழியே மகவும் இறத்தல் கூடும். மன்னார் வளைகுடாக் கரையிலும் இருபதாம் நூற்றாண்டில் இவ்வகை இறப்புகள் நிகழ்ந்துள்ளன. ஓரினத்தை உண்டு மற்றோரினத்தை ஒதுக்கிய கடற்கரை வழக்கினை வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளாது, துன்பத்தால் பெற்ற அறிவாகவும் காணுதல் தகும்.

சட்டமும் வலையும்

1972இல் இந்தியக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1977இல் அதன் முதல் அட்டவணையில் கடலாமைகள் இடம்பெற்றபின் அவற்றைப் பிடித்தலும் விற்றலும் உண்ணுதலும் குற்றமாயின. அருகிவரும் உயிரினங்களின் உலக வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் இந்தியா 1976இல் சேர்ந்தது. 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் தேசியப் பூங்காவாயின. சென்னைக் கரையில் 1970களில் இளைஞர் சிலர் இரவில் மணலில் நடந்து முட்டைகளைத் தேடிக் காக்கத் தொடங்கினர். அப்பணி மாணவர்களால் இன்றளவும் தொடர்கின்றது. புலவர் படைத்த காவல் கணவனின் தொழிலை இவர்கள் மேற்கொண்டனர் எனலாம்.

விலக்கு பயன் தந்தது என்பதற்குச் சான்றுண்டு. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2025இல் பேராமையை அழிவுநிலைப் பட்டியலின் உயர் இடர் வகையினின்றும் நீக்கியது. பல நாடுகளில் வேட்டை நின்றமையும் முட்டைகள் காக்கப்பட்டமையும் இதற்குக் காரணங்களாம்.

எனினும் ஆமை இறப்பு நின்றபாடில்லை. 2025 சனவரியில் சென்னையிலும் அதனை அடுத்த கரைகளிலும் ஆயிரத்திற்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. அவற்றை யாரும் உண்ணவில்லை. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் நெடுநேரம் அகப்பட்டால் நீர்மேல் வர இயலாது மூச்சடைத்து இறக்கும். இழுவலை பெரிதும் தேடுவது இறாலையும் ஏற்றுமதிக்குரிய மீனையும் ஆகும். ஆமை வெளியேறுதற்குரிய கருவியை வலையில் பொருத்தாத நாடுகளின் இறாலை அமெரிக்க நாடு மறுத்தபொழுது, இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகள் உலக வாணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 1998இல் முடிவுற்ற அவ்வழக்கு, ஒரு நாட்டவர் உண்ணும் இறாலுக்காக மற்றொரு கடலில் ஆமை இறத்தலை உலகறியச் செய்தது.

பட்டினப்பாலை இறாலையும் ஆமையையும் ஒருசேரப் பரதவர் உணவாகக் காட்டியது. இன்றோ ஒன்று விலைபொருளாகவும் மற்றொன்று கழிவாகவும் ஒரே வலையில் ஏறுகின்றன. ஆமையை உண்பது குற்றம் என அறிந்த நாம், நாம் உண்ணும் இறால் எவ்வாறு வந்தது என வினவுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. சங்கப் பாடல்களில் நாம் கண்ட ஆமை உணவு வயலாமை உணவு. அதனைக் கடலாமை வேட்டைக்கு உரிமைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. அவ்வுணவு அந்நாளில் இழிவெனக் கருதப்படவும் இல்லை; ஆதலின் முன்னோரின் வழக்கினை மறைத்துக் கூறவேண்டுவதில்லை. கடலாமையைப் பெருந்தொகையாக அழித்தவை நகரச் சந்தையும் தொலைநாட்டு வாணிகமும் இக்கால இழுவலையுமே. கடற்கரைக் குடிகள் உண்டதால் மட்டும் நேர்ந்த அழிவென அதனைக் கூறுதல் நடுநிலையன்று. இருப்பினும், குறைந்துவிட்ட உயிரைக் காக்கும் விலக்கு அவர்க்கும் பிறர்க்கும் ஒப்ப உரியதே.

நிலத்தின் நிலை மாறும்பொழுது உணவின் அறமும் மாறுதல் இயல்பு. வளம் மிக்க நாளில் விருந்தாக இருந்தது, வளம் குன்றிய நாளில் விலக்காதல் தகும். ஆயின் அவ்விலக்கு தட்டில் உள்ளதை மட்டும் நோக்குமாயின் பாதி அறமேயாம். வலையில் உள்ளதையும் நோக்குதல் வேண்டும். உணவினைத் தெய்வத்திற்கு அடுத்து வைத்த தொல்காப்பியரின் வைப்பு முறை, உண்பதில் உள்ள இப்பொறுப்பினையும் நமக்கு நினைவூட்டுவதாகுக.